முதல் பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கப்போறீங்களா? பளபளப்பைப் பார்க்காதீங்க... கவிழ்த்துப் பாருங்க!

ஹெட்போனில் ஏதோ ஓர் அமெரிக்க கன்ட்ரி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், பின்னாலிருந்து ஒரு சத்தம் வழுக்கிக்கொண்டே மேலே ஏறும். வயலினா என்றால் இல்லை. கீபோர்டா என்றால் அதுவும் இல்லை. யாரோ தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நிற்பதுபோல இருக்கும். தேடிப்பார்த்தால், மேஜை மாதிரி ஒரு பெட்டிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேலே இரண்டு கைகள், கீழே இரண்டு பாதங்கள், நடுவில் இரண்டு முழங்கால்கள் என்று எல்லாமே வேலை செய்துகொண்டிருக்கும். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார்.

அந்தச் சத்தத்துக்கு மயங்கி 'கத்துக்கிட்டா இதைத்தான் கத்துக்கணும்' என்று முடிவெடுத்தவரா நீங்கள்? நல்லது. ஆனால், கார்டை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சாதாரண கிட்டாரில் மட்டமான ஒன்றை வாங்கினால் சில ஆயிரங்களோடு போய்விடும். இங்கே ஆயிரம் டாலருக்குக் கீழே நல்ல கருவி கிடைப்பதே அபூர்வம். காசைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. மோசமான பெடல் ஸ்டீல் சுருதியில் நிற்காது. புதிதாகக் கற்பவருக்கு அது கருவியின் கோளாறு என்று தெரியாது. 'நமக்குக் காது சரியில்ல... சங்கீதமெல்லாம் நமக்கு வராது' என்று மூடி வைத்துவிடுவார். அப்படி நடக்காமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

கதை ஹவாய் தீவில் தொடங்குகிறது. 1880-களின் இறுதியில், ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் கிட்டார் கம்பிகள்மீது இரும்புத் துண்டை வைத்துத் தேய்த்து வாசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். விரலால் அழுத்துவதற்குப் பதில் இரும்பால் வழுக்குவதால் 'ஸ்டீல்' கிட்டார். கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிக்கும் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுக்கும் வந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா இந்த முறையில்தான் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விஸ்வமோகன் பட் இதிலிருந்துதான் தன் மோகன வீணையை உருவாக்கினார். ஃப்ரெட் இல்லாமல், ஒரு உருளையை வழுக்கி வாசிக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. கோட்டு வாத்தியம் என்கிற சித்ரவீணையைக் கேட்டிருந்தால் உங்களுக்கே தெரியும்.

சரி, பெடல் எங்கே வந்தது? இரும்புத் துண்டில் ஒரு சிக்கல் உண்டு. அதை நகர்த்தினால் எல்லாக் கம்பிகளின் சுருதியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரு கம்பி மட்டும் ஏற வேண்டும், பக்கத்துக் கம்பி அசையாமல் நிற்க வேண்டும் என்றால் முடியாது. இதற்குத்தான் காலில் பெடல் வைத்தார்கள். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பி மட்டும் இழுபட்டு அதன் சுருதி மாறும்.

1954-ல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டு ஹிட்டானது. அதில் பட் ஐசக்ஸ், கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் நிற்க, இன்னொரு சுரம் ஊர்ந்து போய் அதனுடன் சேர்ந்தது. கேட்ட ஸ்டீல் கலைஞர்கள் பலரும் தங்கள் கருவியையும் அப்படி மாற்றக் கிளம்பினார்கள். ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்ததை இரண்டு பெடல்களாகப் பிரித்ததில் பட்டி எம்மன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நீங்கள் வாங்கப்போகும் கருவியின் 'ஏ பெடல்', 'பி பெடல்' இரண்டும் அந்தப் பிரிவினையில் பிறந்தவைதான்.

எந்த வகை? குழப்பமே வேண்டாம்

விளம்பரங்களைப் பார்த்தால் எஸ்-10, எஸ்டி-10, டி-10, யு-12 என்று பஸ் நம்பர் மாதிரி இருக்கும். விஷயம் சிம்பிள்.

எஸ்-10 என்றால் ஒரு கழுத்து, 10 கம்பிகள். டி-10 என்றால் இரண்டு கழுத்துகள், ஒவ்வொன்றிலும் 10 கம்பிகள். ஒன்றில் கன்ட்ரி இசைக்கான ஈ9 டியூனிங், இன்னொன்றில் ஜாஸ், வெஸ்டர்ன் ஸ்விங் வாசிக்க உதவும் சி6 டியூனிங். எஸ்டி-10 என்பது இரட்டைக் கழுத்து அளவு உடம்பில் ஒரே கழுத்து. இன்னொரு கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையை ஊன்றிக்கொள்ள மெத்தை இருக்கும். யு-12 என்பது இரண்டு டியூனிங்கையும் 12 கம்பிகளில் அடக்கப் பார்க்கும் வகை.

முதல் கருவிக்கு எஸ்-10 அல்லது எஸ்டி-10, டியூனிங் ஈ9. இதில் யோசிக்கவே வேண்டாம். காரணம், ஆரம்பப் பாடங்களில் பெரும்பாலானவை ஈ9-க்காகத்தான் இருக்கின்றன. டி-10 பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால், பெட்டியோடு சேர்த்தால் 25, 30 கிலோ வரும். மாடி வீடு என்றால் உங்கள் முதுகைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இரண்டாவது கழுத்தை முதல் வருஷம் தொடக்கூட மாட்டீர்கள்.

'3+4' என்ற மந்திர எண்

அடுத்து பார்க்க வேண்டியது பெடல், லீவர் எண்ணிக்கை. பெடல் பாதத்துக்கு, லீவர் முழங்காலுக்கு. முழங்காலை இடது, வலது பக்கம் சாய்த்தால் லீவர் அசையும். மூன்று பெடல், நான்கு லீவர் இருந்தால் '3+4'. இதுதான் இன்றைய ஸ்டாண்டர்டு.

இது ஏன் முக்கியம் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஈ9-ல் 3, 4, 5-வது கம்பிகளை ஒன்றாக மீட்டினால் ஜி ஷார்ப், ஈ, பி சுரங்கள் ஒலிக்கும். அது ஈ மேஜர் கார்டு. ஏ பெடலை மிதித்தால் பி, சி ஷார்ப் ஆகும். கார்டு சி ஷார்ப் மைனராக மாறிவிடும். பி பெடலையும் சேர்த்து மிதித்தால் ஜி ஷார்ப், ஏ ஆகும். இப்போது கேட்பது ஏ மேஜர். கையிலிருக்கும் இரும்பு ஓர் இன்ச்கூட நகரவில்லை. பாதத்தைச் சாய்த்ததிலேயே மூன்று கார்டுகள் வந்துவிட்டன. நடுவில் இருக்கும் ஈ கம்பி மட்டும் 'நான் எங்கேயும் போகலப்பா' என்று அப்படியே நிற்கும். அந்த அழுகைச் சத்தத்தின் ரகசியம் இதுதான்.

இந்த ஈ கம்பிகளை அசைக்கத்தான் லீவர்கள். ஒன்று அரைச்சுரம் ஏற்றும். இன்னொன்று அரைச்சுரம் இறக்கும். இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். மூன்றாவது, 2-வது கம்பியை இறக்கும். நான்காவது ஆளுக்கு ஆள் மாறும். மூன்று பெடலும் ஒரே ஒரு லீவரும் உள்ள பழைய 'மாணவர் மாடல்'கள் மலிவாகக் கண்ணில் படும். ஆன்லைன் பாடத்தில் ஆசிரியர், 'இப்போ ஈ-யை ஏத்துற லீவரைத் தள்ளுங்க' என்பார். உங்கள் கருவியில் அந்த லீவரே இருக்காது. அடுத்த சில மாதங்களில் வேறொன்று தேட வேண்டிவரும். மலிவு, இரட்டைச் செலவாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று இருந்தால் அது 'எம்மன்ஸ் செட்டப்'. சி, பி, ஏ என்று தலைகீழாக இருந்தால், ஜிம்மி டே என்ற கலைஞரின் பெயரில் 'டே செட்டப்'. இரண்டிலும் மேதைகள் உண்டு. ஆனால், பாடங்களில் அதிகம் வருவது எம்மன்ஸ். நீங்களும் அதிலேயே ஆரம்பித்தால் தலைவலி குறைவு.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஃபெண்டர் என்ற பெயரைப் பார்த்ததும் கண் விரியும். அந்தக் கம்பெனி அரை நூற்றாண்டுக்கு முன் செய்த ஃபெண்டர் 400-ல் ஒரு கழுத்துக்கு எட்டே கம்பிகள்தான். பெடலிலிருந்து கேபிள் வழியாக இழுக்கும் ஏற்பாடு. சத்தம் அழகு. சேகரிப்பவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால், இன்றைய 10 கம்பி ஈ9 பாடங்களை அதில் அப்படியே வாசிக்க முடியாது.

ஷோ-பட் இன்னொரு பெரிய பெயர். பட்டி எம்மன்ஸும் ஷாட் ஜாக்சனும் சேர்ந்து நாஷ்வில்லில் தொடங்கியது. அதன் தொழில்முறைக் கருவிகளுக்கு இன்றும் மவுசு உண்டு. ஆனால், அதே பெயரில் வந்த 'மேவரிக்', 3+1 மாணவர் மாடல். மேலே சொன்ன பிரச்னை அப்படியே பொருந்தும். எம்மன்ஸ் கம்பெனியின் பழைய 'புஷ்-புல்' கருவிகள் சத்தத்துக்குப் பேர்போனவை. ஆனால், அவற்றைச் சரிசெய்யத் தனிப் பக்குவம் வேண்டும். முதல் கருவிக்கு அது தேவையில்லாத பரீட்சை.

நீங்கள் தேட வேண்டிய வார்த்தை 'ஆல்-புல்'. ஒவ்வொரு பெடலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும், கருவியின் பக்கவாட்டில் உள்ள சின்ன நைலான் திருகுகளைத் திருப்பியே தனித்தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். இன்று வரும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆரம்ப நிலைக்கென்றே செய்யப்பட்ட 3+4 கருவிகளில் ஸ்டேஜ் ஒன், முல்லன் கம்பெனியின் 'டிஸ்கவரி' போன்றவற்றைப் பலரும் பரிந்துரைப்பார்கள். 'கார்ட்டர் ஸ்டார்ட்டர்' இப்போது தயாரிப்பில் இல்லை. செகண்ட் ஹேண்டில் வரும். புதிய தொழில்முறைக் கருவி என்றால் பல ஆயிரம் டாலர் ஆகும். அதனால் நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் எஸ்-10 தேடுவது புத்திசாலித்தனம். பெரிய தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் செய்யும் பொருள் இல்லை இது. சின்னப் பட்டறைகளில் செய்வதால், விலையும் ஒரேயடியாக இறங்காது. பிடிக்கவில்லை என்றால் திரும்ப விற்கவும் முடியும்.

கையில் போன் இருக்கிறதா? டெஸ்ட் பண்ணிடலாம்!

நேரில் பார்த்து வாங்க முடிந்தால், வாசிக்கத் தெரியாமலேயே கருவியைச் சோதிக்கலாம். போனில் ஒரு டியூனர் ஆப் போதும்.

1. திரும்பி வருகிறதா? 6-வது கம்பியை மீட்டி, ஆப்பில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பி பெடலைப் பத்து தடவை மிதித்து விடுங்கள். மறுபடி மீட்டுங்கள். முள் அதே இடத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றால் உள்ளே தேய்மானமோ உராய்வோ இருக்கிறது.

2. உடம்பு வளைகிறதா? ஏ, பி பெடல்கள் 4-வது கம்பியைத் தொடுவதில்லை. அந்தக் கம்பியை மீட்டிக்கொண்டே இரண்டையும் மிதியுங்கள். முள் லேசாக இறங்கும். பெடலின் இழுப்பில் மரச்சட்டம் கொஞ்சம் வளைவதால் வரும் இறக்கம் இது. ஒரு சுரத்தின் நூறில் நான்கைந்து பங்கு என்றால் சகஜம். கண்ணை உறுத்தும் அளவுக்குச் சரிந்தால் வேண்டாம்.

3. பெடல் எங்கே நிற்கிறது? ஒவ்வொரு பெடலும் லீவரும் ஓர் இடத்தில் 'டக்'கென்று உறுதியாக நிற்க வேண்டும். சேற்றில் மிதிப்பதுபோல் கொழகொழவென்று போகக் கூடாது.

4. உட்கார்ந்து பாருங்கள். கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் லீவர்களைத் தொடுங்கள். தொடை இடித்தால் கால்களை நீட்டிக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். உயரமானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

5. செருகிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஒயரை லேசாக அசையுங்கள். கரகர சத்தம் மட்டும் என்றால் சின்ன ரிப்பேர்தான். விலையில் குறைக்கச் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. ஆப் பச்சை காட்டவில்லை என்பதற்காகக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டீல் வாசிப்பவர்கள் ஜி ஷார்ப் போன்ற சில கம்பிகளை, கார்டு இனிமையாகச் சேர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். முள் நடுவில் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. விட்ட இடத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? அடிப்பக்க போட்டோ கேளுங்க!

நம் ஊர் இசைக்கருவிக் கடைகளில் பெடல் ஸ்டீலைப் பார்ப்பது அரிது. எனவே பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் கருவியை இங்கிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும். விற்பவர் முன்பக்கத்தைத்தான் அழகாக போட்டோ எடுத்துப் போடுவார். நீங்கள் கேட்க வேண்டியது, கவிழ்த்துப் போட்டு எடுத்த போட்டோ.

அடியில் குறுக்கே தண்டுகளும், நீளவாக்கில் கம்பிகளும், இரண்டையும் இணைக்கும் சின்னக் கொக்கிகளும் தெரியும். துரு, உடைந்த கொக்கி, காணாமல்போன ஸ்பிரிங், ஒயரால் கட்டிச் சமாளித்த இடம் எல்லாம் அங்கேதான் மாட்டும். லீவர் எத்தனை என்று நீங்களே எண்ணிப்பார்த்துக்கொள்ளலாம். கூடவே இதையும் கேளுங்கள்: ஒவ்வொரு பெடலும் லீவரும் எந்தக் கம்பியை எதுவாக மாற்றுகிறது என்ற அட்டவணை. ஸ்டீல்காரர்கள் இதை 'கோபெடன்ட்' என்பார்கள். இதைக் கேட்டதும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவது பாதுகாப்பு. 'தாத்தாவோடது, பரண்ல கிடந்தது' என்று சொன்னால், சரிசெய்யும் செலவையும் மனதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்கள், பெடல் பலகை, பெடலையும் கருவியையும் இணைக்கும் கம்பிகள், நைலான் திருகைத் திருப்பும் சாவி, பெட்டி... எல்லாம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே மாற்றுக் கிடைக்காது. கப்பல் அல்லது கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் விசாரிக்காமல் பணம் அனுப்பவே கூடாது. கனமான பொருள் என்பதால் இந்தச் செலவு சில நேரம் பட்ஜெட்டையே புரட்டிப்போடும்.

கிட்டாரோடு செலவு முடியாது

- பார்: இடது கையில் பிடிக்கும் இரும்பு உருளை. 10 கம்பிக்கான நீளமும் கனமும் உள்ளதாக வாங்குங்கள். 6 கம்பி லேப் ஸ்டீலுக்கான சின்ன பார் போதாது.
- பிக்: கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக்கில் ஒன்று, அடுத்த இரண்டு விரல்களுக்கு உலோகத்தில் இரண்டு.
- வால்யூம் பெடல்: இது ஆப்ஷன் இல்லை, கட்டாயம். சத்தம் தேய்ந்துகொண்டே போகும்போது வலது பாதத்தால் பெடலைத் திறந்துகொண்டே போனால்தான் அந்த நீண்ட மூச்சு கிடைக்கும்.
- ஆம்ப்ளிஃபயர்: சத்தம் உடையாமல் சுத்தமாக ஒலிப்பது வேண்டும். பீவி கம்பெனியின் 'நாஷ்வில் 400' ஸ்டீல்காரர்களிடம் பிரபலம். வீட்டில் பழக, சின்னதாக ஒன்று போதும்.
- கம்பிகள்: ஈ9-க்கென்றே செட்டாக வரும். 3-வது கம்பி ரொம்ப மெல்லியது, ரொம்ப இறுக்கம். அதுதான் அடிக்கடி அறுபடும். அதை மட்டும் தனியாக நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பட்ஜெட் இல்லையே, என்ன செய்ய?

நியாயமான கேள்வி. பெடல் இல்லாத லேப் ஸ்டீலில் தொடங்கலாம். பெடல் ஸ்டீலோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. 1959-ல் வந்த சாண்டோ அண்ட் ஜானியின் 'ஸ்லீப் வாக்' முழுக்கப் பெடல் இல்லாத ஸ்டீல்தான். கேட்டால் நம்ப மாட்டீர்கள். பாரைக் கோணாமல் பிடிப்பது, ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிறுத்துவது, வேண்டாத கம்பியை உள்ளங்கையால் அடக்குவது ஆகிய மூன்றும் இதிலேயே பழகிவிடும். இரண்டு கருவிகளிலும் ஃப்ரெட் என்பது வெறும் கோடுதான். சுருதி காதில்தான் இருக்கிறது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது கூடுதல் பலம்.

ஆனால், லேப் ஸ்டீல் வாங்கினால் பெடல் ஸ்டீலின் அந்தப் பிரிந்து சேரும் சத்தம் கிடைக்காது. 'அதேதான் இதுவும்' என்று யாராவது விற்கப் பார்த்தால் நம்பாதீர்கள். ஆறு மாதம் வாசித்தும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது சேர்த்து வைத்த பணத்தோடு 3+4 தேடுங்கள்.

வந்ததும் என்ன வாசிப்பது?

கருவி வந்து, கால்களை மாட்டி, டியூன் செய்துவிட்டீர்களா? பாரை 3-வது ஃப்ரெட்டில் வையுங்கள். பெடல் இல்லாமல் மீட்டினால் ஜி மேஜர். ஏ, பி இரண்டையும் மிதித்தால் சி மேஜர். மிதித்தபடியே பாரை 5-வது ஃப்ரெட்டுக்குத் தள்ளினால் டி மேஜர். மூன்று கார்டு கன்ட்ரி பாட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. இந்த இரண்டு ஃப்ரெட்டுக்குள்ளேயே அவற்றுக்குப் பின்னணி வாசித்துவிடலாம். முதல் வாரம் இதை மட்டும், மெதுவாகச் செய்யுங்கள்.

சுருதி விலகினால் உடனே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பாரை எடுத்துவிட்டு, திறந்த கம்பியை ஆப்பில் பாருங்கள். பெடலை மிதித்து விட்டு மறுபடி பாருங்கள். முள் சரியான இடத்துக்குத் திரும்பினால், பழக வேண்டியது உங்கள் கைதான். தினம் அரை மணி நேரம் கொடுங்கள், வந்துவிடும். திரும்பவில்லையா? சாவியை எடுத்து அந்த நைலான் திருகைச் சரிசெய்யுங்கள், பாஸ். அதற்கும் அடங்கவில்லை என்றால் கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள். உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை.